நானூற்றுப் பன்னிரண்டாம் டோக்கன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மிக உயரமான இடம் எது என்று கேட்டால் தண்ணீர் டேங்கைத்தான் காட்டுவார்கள். அப்படிப்பட்ட தட்டை ஊரில், கியர் வெட்டுகிற ஒரு கம்பெனியில், இமயமலை ஏறுவதற்கென்று ஒரு குழு தொடங்கினார் புரொடக்‌ஷன் மேனேஜர் கங்காதரன். வருஷம் 1985. கம்பெனிச் செலவில் வடக்கே போய் ஒரு மாதம் மலையேற்றம் படித்துவிட்டு வந்தவர், அங்கே கொடுத்த கம்பளித் தொப்பியைச் சித்திரை வெயிலிலும் கழற்றவில்லை. தலையெல்லாம் வேர்க்குரு வந்தது. தொப்பி மட்டும் போகவில்லை. "உழைப்பாளி உயர்ந்தால் நிறுவனம் உயரும்" என்று கேன்டீன் சுவரில் பெரிதாக எழுதி வைத்தார். அதற்குக் கீழே சாம்பார் வழக்கம்போலத் தண்ணியாகவே ஓடியது.

முதலில் பதினோரு பேர் சேர்ந்தார்கள். மலைக்குப் போகிற நாளெல்லாம் சம்பளத்தோடு லீவு என்றதும் பக்தி பொங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டேங்கில் கயிறு கட்டி ஏறி இறங்க வேண்டும், முதுகில் மணல் மூட்டையோடு செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நடக்க வேண்டும் என்றதும் ஒன்பது பேருக்கு முட்டிவலி, இடுப்புவலி, மச்சினிக்குக் கல்யாணம் என்று வரிசையாக வந்துவிட்டது. மிஞ்சியவர்கள் இரண்டு பேர். டர்னர் நாகேந்திரன், ஃபிட்டர் உத்தமன்.

இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தக் கம்பெனியில் ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் உண்டு. நம்பர் வெட்டி, ஆணியில் மாட்ட ஒரு ஓட்டை போட்டிருக்கும். காலையில் கேட்டருகே பலகையிலிருந்து தன் டோக்கனை எடுத்து, டைம் ஆபீஸ் பெட்டியில் போட வேண்டும். போட்டால் வந்திருக்கிறாய், போடாவிட்டால், ஆள் மிஷின் முன்னால் நின்று கியர் வெட்டினாலும் வரவில்லை. உத்தமனுக்கு 412, நாகேந்திரனுக்கு 413. உத்தமன் வெள்ளானூர்க்காரன், சைக்கிளில் வர வேண்டும். பட்டரவாக்கம் ரயில்வே கேட் வாரத்தில் மூன்று நாள் அவன் மூஞ்சியில் அறைந்தாற்போல் மூடும். அந்த நாட்களில் நாகேந்திரன் இரண்டு டோக்கனையும் எடுத்துப் பெட்டியில் போடுவான். 'டங்', 'டங்' என்று இரண்டு சத்தம் கேட்டால், உத்தமன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான் என்று அர்த்தம்.

1984-ல் ஒருநாள் டைம் ஆபீஸ் கிளார்க் கையும் களவுமாகப் பிடித்தான். அடுத்தவன் டோக்கனைப் போட்டால் உடனடி நீக்கம் என்று கேட்டில் பலகையே தொங்குகிறது. யார் கையையோ காலையோ பிடித்ததில், நாகேந்திரன் ஃபைலில் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். இன்னொரு தடவை மாட்டினால் வீட்டுக்குப் போ என்று அதில் எழுதியிருந்தது. அப்போதும் அவன் உத்தமனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் கேட்டுப் போடவில்லை, நானாகத்தான் போட்டேன் என்றான். இந்த ஒரு நல்லதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொல்ல இடம் கிடைக்காது.

1987 மே மாதம் மூன்று பேரும் மலைக்குப் போனார்கள். இருபதாயிரம் அடியைச் சற்றே தாண்டிய ஒரு சிகரம். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. மேப்பில் ஒரு நம்பர் போட்டிருந்தது. டோக்கன்காரர்களுக்கு ஏற்ற மலைதான். உச்சியில் கம்பெனிக் கொடியை விரித்து, அதன்மேல் தொழிலாளிகளின் டோக்கனை வைத்துப் படம் எடுக்க வேண்டும், அடுத்த வருஷக் காலண்டருக்கு ஆகும் என்று கங்காதரன் முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தார். டோக்கனை அங்கேயே விட்டுவிட்டு வரலாம், திரும்பியதும் புதிதாக வெட்டித் தருவார்கள். கங்காதரனிடம் டோக்கன் கிடையாது. ஆபீசர்கள் வந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

மலை மேல் கங்காதரனுக்கு இரண்டு நாளாகத் தலைவலி. வாந்தியும் வந்தது. உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே இறங்கு என்பது அவரே இவர்களுக்கு நடத்திய முதல் பாடம். வாத்தியாருக்குப் பாடம் கிடையாது அல்லவா? மாத்திரையை விழுங்கிவிட்டு, "கமான், கமான்" என்று முன்னால் நடந்தார். கடைசி நாள், உச்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்போது பனியில் உட்கார்ந்தார்.

"ஏன்யா இன்னும் லன்ச் சைரன் ஊதல?" என்று கேட்டார்.

நாகேந்திரன் முதலில் தமாஷ் என்றுதான் நினைத்தான். அவர் பூட்ஸுக்கு மேலே போட்டிருந்த கம்பளி உறைகளைக் கழற்றி, ஷிஃப்ட் முடிந்த ஆள் மாதிரி, ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் வீசினார். உயரம் அவர் மூளையைக் கலக்கிவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது.

"ஒர்த்தன் இந்தாள எறக்கணும்" என்றான் உத்தமன். "நீ மேல போ மாமே."

"நீ போடா. என்னிய விட நீதானே நல்லா ஏர்ற?"

"அதுக்குதான் சொல்றேன். ஏர்றதுக்கு எவன் வேணா போலாம். இந்த மூட்டைய எறக்கறதுக்குதான் தெரிஞ்சவன் வேணும். மணி ஆவுது, கெளம்பு."

சொல்லிக்கொண்டே தன் பூட்ஸ் உறைகளைக் கழற்றி கங்காதரன் காலில் மாட்டிக் கட்டினான். அவர் அவனைப் பார்த்து, "எந்த ஷாப்புப்பா நீ?" என்றார். உத்தமன் சட்டைக்குள் கைவிட்டுத் தன் டோக்கனை எடுத்து நாகேந்திரனிடம் நீட்டினான்.

"என்னுதயும் போட்டுடு. லேட்டா வர்றவன் எப்பவும் நான்தானே?"

நாகேந்திரன் வாங்கிக்கொண்டான். கேட்டில் எத்தனையோ நாள் செய்த வேலைதான். இதில் ஒரு தப்பு இருக்கக்கூடும் என்று இரண்டு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

தனியாகப் போய் உச்சியில் ஏறினான். கொடியை விரித்தான். 412-ஐயும் 413-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தான். அவனைப் படம் எடுக்க அங்கே யாரும் இல்லை. "ரெண்டு பேரும் வந்துட்டோம்டா" என்று சத்தமாகச் சொன்னான். சொல்லும்போது அழுகை வந்தது. அந்த அழுகையில் கலப்படம் இல்லை. கம்பெனி கேட்டுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எல்லாம் கலந்தது.

இருட்டிவிட்டதால் ராத்திரி மேல் கூடாரத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் கீழே வரும் வழியில் அவர்களைப் பிடித்தான். கங்காதரனுக்குத் தெளிந்திருந்தது, நடந்துகொண்டிருந்தார். ராத்திரி முழுக்க அவரைக் கயிற்றில் கட்டி இழுத்தும், முதுகில் போட்டும் இறக்கிய உத்தமனுக்குத்தான் நடை தள்ளாடியது. கால் மரத்துக் கீது, வேற ஒண்ணும் இல்ல என்றான். மூன்று பேரும் ஒன்றாகத்தான் அடிவாரக் கூடாரத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே இருந்த சமையல்காரரும் சுமைகூலிகளும் கண்டது அவ்வளவுதான்.

வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் உத்தமனின் பத்து கால்விரல்களையும் எடுத்தார்கள். கங்காதரன் மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார். பள்ளத்தருகே உட்கார்ந்ததிலிருந்து மறுநாள் காலை வரை அவருக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவில்லாத இடத்தைத் தன் வசதிப்படி நிரப்பிக்கொள்ள மனிதனுக்குச் சொல்லியா தர வேண்டும்? படம் கழுவி வந்தது. அதில் இரண்டு டோக்கன்கள் இருந்தன. இரண்டு பேரும் மேலே போயிருக்கிறார்கள், அப்படியென்றால் நான் தனியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். 'காலநிலை சரியில்லாததால் திரும்பும்படி ஆணையிட்டேன். இருவரும் கேட்கவில்லை. நான் தனியாக இறங்கி, மறுநாள் அவர்களை அழைத்துவர மீண்டும் ஏறினேன்' என்று எழுதினார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றார். ஆபீஸில் எல்லோரும் கிண்ணத்தோடு ஓடி வந்தார்கள்.

ஜனவரியில் காலண்டர் வந்தது. அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை டீக்கடை, சலூன் ஒன்று பாக்கியில்லாமல் பனியில் இரண்டு டோக்கன்கள் தொங்கின. கம்பெனி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி செய்து, ஒரு ஜோடி பூட்ஸ் உறையை வைத்தார்கள். 'குழுத் தலைவர் திரு. கங்காதரன் அணிந்தது' என்று கீழே அட்டை. பொய் என்று சொல்ல முடியாது, அவர்தான் அணிந்திருந்தார். நாகேந்திரனுக்கு முதலாளி கையாலேயே கைக்கடிகாரம் கட்டிவிட்டு, சார்ஜ்மேன் ஆக்கினார்கள். விரல் முழுசாக இருக்கிற ஆள் ஆணையை மீறினால் அதற்குப் பெயர் வீரம். விரல் போனவனுக்கு மெமோ வந்தது.

மெமோவின் சங்கதி இதுதான். ஆபீசரைக் காப்பாற்றப் போய்க் கால் போயிருந்தால், ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ரிட்டயர் ஆகும் வரை உண்டு. ஆணையை மீறிச் சிகரத்துக்குப் போய்க் கால் போயிருந்தால், தானாகத் தேடிக்கொண்ட கேடு, வேலை கிடையாது. விசாரணை வைத்து முடிவு செய்வார்கள். நான் மேலே போகவே இல்லை என்று உத்தமன் எழுதிக் கொடுத்தான். அப்படியானால் உன் டோக்கன் காலெடுத்து நடந்து போனதா என்று பதில் வந்தது.

விசாரணைக்கு முதல்நாள் உத்தமனின் மனைவி தாட்சாயிணி, நாகேந்திரன் வீட்டுக்கு வந்தாள். நிறைமாதம். வெள்ளானூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எனக்குக் கூடப் பொறந்தவன் யாரும் இல்லண்ணா. உனுக்கே தெரியும். அவருதான் அந்தாள எறக்கனாருன்னு நீ ஒரு வார்த்த சொல்லிடு. டோக்கன நான்தான் போட்டேன்னு சொல்லிடு. அது போதும்."

"இன்னாமா இது, நீ சொல்லணுமா? எனுக்காவ காலயே குடுத்தவன் மாதிரிம்மா அவன். என் ரெண்டு கொயந்தைங்க மேல சத்தியமா சொல்றேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நாகேந்திரனின் மனைவி லோகநாயகி சுவரில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ நியாயத்த பேசு, வேணாங்கல. ஃபைல்ல ஏற்கெனவே ஒரு கடுதாசி கீது, அதயும் நெனச்சிக்க. நாளைக்கு வேல பூட்ச்சின்னா, நானும் புள்ளைங்களும் எந்த மலைக்கி ஏர்றது?"

"அதுக்காவ பொய் சொல்லச் சொல்றியா?"

"நான் எங்க சொன்னேன்?" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

விசாரணை அறையில் பர்சனல் மேனேஜர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கங்காதரன். அவர்கள் தலைக்கு மேல் காலண்டர். உத்தமனால் நிற்க முடியாது. ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். ஸ்டூல் போட்ட கருணையையும் மினிட்ஸில் எழுதிக்கொண்டார்கள்.

"மிஸ்டர் நாகேந்திரன், டோக்கன் நானூத்திப் பன்னிரண்டைச் சிகரத்துல வெச்சது யாரு?"

நாகேந்திரன் எழுந்தான். நான்தான் என்ற ஒரு சொல். ராத்திரி முழுக்க நூறு தடவை சொல்லிப் பார்த்த சொல்.

"பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு ஞாபகப்படுத்தறேன்" என்றார் பர்சனல் மேனேஜர், ரொம்ப அன்பாக. "அடுத்தவங்க டோக்கனைப் போடறது எவ்வளவு பெரிய குற்றம்னு உங்களுக்கே தெரியும். உங்களுக்கு ஒரு வார்னிங் வேற இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

நாகேந்திரன் யோசித்தான். அங்கேதான் பிசகினான். மலை மேல் அவன் யோசித்ததே கிடையாது. கயிற்றின் மறுமுனையில் உத்தமன் வழுக்கிய ஒரு தரம், யோசிக்காமல் பனியில் கோடரியைக் குத்திக் குப்புற விழுந்து அவனைத் தாங்கியவன்தான் இவன். செத்தால் இரண்டு பேரும் சாவது என்று அங்கே அவ்வளவு சுலபமாக இருந்தது. இங்கே ஃபேன் ஓடியது, மேசைமேல் டீ ஆறிக்கொண்டிருந்தது, கையில் முதலாளி கட்டிவிட்ட கடிகாரம் ஓடியது. ஆற்றைக் கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

"சார்… அது வந்து…"

"சொல்லுங்க."

"மேல… பனி ஜாஸ்தி சார்… எனக்கு சரியா…"

வாய் திறந்தபடி நின்றது. சத்தம் வரவில்லை. மூச்சு வாங்கியது. உத்தமன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அவன இன்னாத்துக்கு சார் கேக்கறீங்க? என் டோக்கன நான்தான் போட்டேன். சாரு போவாதன்னாரு, நான்தான் கேக்கல. எழுதிக்கங்க."

கங்காதரன் கண்ணாடியைக் கழற்றினார். உத்தமனை வெறுங்கண்ணால் பார்த்தார். அந்த ஒரு கணம், ராத்திரியும் கயிறும் அந்த முதுகும் அவருக்கு நினைவு வந்திருக்கலாம். வந்ததோ என்னவோ, கண்ணாடியை நன்றாகத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் நாகேந்திரன் தோளைப் பிடித்துக்கொண்டு உத்தமன் நடந்தான்.

"ஏண்டா இப்டிப் பண்ணே?" என்றான் நாகேந்திரன். "நான் சொல்லத்தாண்டா வந்தேன்."

"தெரியும். மூச்சு வாங்கிச்சு உனுக்கு. அந்தாளுக்கும் மேல அப்டிதான் வாங்கிச்சு. மூச்சு வாங்கறவன உட்டுட்டு வரக்கூடாதுன்னு சொல்லிக் குட்தாங்க இல்ல?"

"உன் வேல பூட்ச்சேடா."

"பூட்ச்சி. ரெண்டு பேருக்கும் சேத்துப் போவ வேணாம்னு பாத்தேன். ஆனா ஒண்ணு மாமே, அந்தாளு எம்பது கிலோ. உன்னிய தூக்கறதுக்குதான் எனக்குத் தாவு தீந்து பூட்ச்சி."

கேட்டில் டைம் ஆபீஸ் கிளார்க், டோக்கனை ஒப்படைத்துவிட்டுப் போ என்றான். மேல கீது, போய் எடுத்துக்க என்றான் உத்தமன். கிளார்க் 'தொலைந்தது' என்று எழுதிக்கொண்டான். வெளியே தாட்சாயிணி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். புருஷனைப் பார்க்காமல் நேராக நாகேந்திரன் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னியாண்ணா?"

நாகேந்திரன் தலை குனிந்தான். பதில் உத்தமனிடமிருந்து வந்தது.

"சொன்னான் தாட்சா. மூணு வாட்டி சொன்னான். அவனுங்கதான் நம்பல."

அவள் இரண்டு கையையும் கூப்பி நாகேந்திரனைக் கும்பிட்டாள். இல்லை என்று சொல்ல அவனுக்கு அப்போதும் வாய் இருந்தது. அன்றைக்கு அதை அவன் எதற்கும் உபயோகிக்கவில்லை.

உத்தமன் வெள்ளானூரில் சைக்கிள் கடை போட்டான். கையில் விரல் பத்தும் இருந்தன. உட்கார்ந்த இடத்தில் பஞ்சர் ஒட்ட அது போதும். மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. தாட்சாயிணி, அண்ணன் பெயரில் பாதியை எடுத்து அதற்கு நாகவல்லி என்று வைத்தாள். கத்திரிக்காய் காய்த்தால் ஒரு பை நாகேந்திரன் வீட்டுக்கு வரும். பொங்கலுக்குக் கரும்பு வரும். லோகநாயகி வாங்கி வைப்பாள். நாகேந்திரன் அந்தக் கத்திரிக்காய்க் குழம்பை ருசித்துச் சாப்பிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். மனசாட்சிக்கும் வயிற்றுக்கும் நடுவே நல்ல சுவர் எழுப்பத் தெரிந்தவர்களுக்கு அஜீரணம் வருவதில்லை.

மறுவருஷம் தை மாதம் குழந்தைக்குக் காது குத்தினார்கள். வாசலில் பந்தல், ஐம்பது அறுபது சொந்தக்காரர்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பங்காளி வீட்டுக் கிழவர் ஒருவர் மாமன் யாரு என்று கேட்டார்.

"எங்கண்ணன்தான்" என்றாள் தாட்சாயிணி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அத்தினி ஆபீசருங்க முன்னால தன் வேலயப் பாக்காம, மூணு வாட்டி எழுந்து நின்னு உண்மைய சொன்ன மனுசன். கூடப் பொறந்தவன் கூட அப்டிச் சொல்ல மாட்டான்."

ஜனங்கள் 'அடேயப்பா' என்றார்கள். நாகேந்திரனுக்கு மாலை போட்டு, புது வேட்டி கொடுத்து, மணையில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உத்தமன் துணி அடைத்த குட்டை பூட்ஸோடு, கம்பை ஊன்றி வந்து, பக்கத்தில் குந்தினான். நாகேந்திரன் குனிந்து அவன் காதில் சொன்னான்.

"என்னால முடியலடா. இன்னிக்கு அவகிட்ட சொல்லிடப் போறேன்."

உத்தமன் குழந்தையின் நெற்றியில் இருந்த மையைச் சரிசெய்தான். முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"சொல்லு. உனுக்கு பாரம் எறங்கிடும். ஒரு அண்ணன் கீறான்னு அவ நெனச்சினு கீறா, அதுவும் பூடும். உன்னிய உச்சில ஏத்தி உட்டது நான். எறங்கணும்னா நீயே எறங்கிக்க மாமே. கூட வந்து தூக்கறதுக்கு எனக்குக் காலு இல்ல."

சொல்லிவிட்டு ஆசாரியைப் பார்த்துத் தலையாட்டினான். ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது.

"மாமன் மடியில குந்திகினு இன்னாடி அழுவ?" என்று தாட்சாயிணி சிரித்துக்கொண்டே, நாகேந்திரன் முகத்தை ஆசையோடு பார்த்தாள். அவன் குழந்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறக்கவில்லை.